பூட்டின பட்டியல்

தேயிலைத் தோட்டத் தலைவன், புது வீடு கிடைக்கிறவங்க பட்டியலைப் பூட்டுப் போட்டு, என் பொஞ்சாதி செவனம்மா போனுக்கு அனுப்பியிருந்தான். பாஸ்வேர்டும் கூடவே இருந்தது. பூட்டினாலே களவுதான். எங்க பேரை வெட்டியிருப்பான். த்தூ!

போனைத் தூக்கிக்கொண்டு கந்தப்பளை டவுன் போன் கடைக்குப் போனேன்.

"பாஸ்வேர்டு இந்தா இருக்கு. பூட்டைக் கழட்டி, லயத்து வரிசை வீட்டுக்காரங்க எல்லாருக்கும் அனுப்பும்மா. அவன் களவு நாறட்டும்."

கடைக்காரப் பிள்ளை கழட்டி அனுப்பினாள்.

"இப்ப எங்க பேரைத் தேடு."

"மொதப் பேரே செவனம்மாதான் தாத்தா." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "விதவைன்னு போட்டிருக்கு."

லயத்தில் எங்க ஒத்தை அறைக் காம்பராவுக்குத் திரும்பி செவனம்மாவைக் கேட்டேன்.

"விதவைக்குத்தான் மொதல்ல வீடுன்னாங்க. பூட்டி அனுப்பச் சொன்னதே நான்தான்," என்றாள். "நாப்பது வருசம் உசுரோட இருந்து ஒரு வீடு குடுத்தீங்களா? செத்தாவது ஒண்ணு குடுத்தீங்க, அதையும் கெடுத்துட்டீங்களே!"