ஒற்றைக் கதவு

"வாங்க, வாங்க... இன்னும் கொஞ்சம் வரலாம்..."

ஷெட்டின் ஓரத்தில் நின்று மனைவி கையாட்ட, பல் டாக்டரும் நம்பி வந்தார். வண்டி சுவரில் டொக்கென்று முட்டி நின்றது.

டாக்டருக்குப் பாதி உயிர் போய்விட்டது. அது அவருடைய மாமனார் ஓட்டிய அந்தக் காலத்து மூன்று சக்கரக் கார். முட்டை மாதிரி இருக்கும். மொத்தத்துக்கும் ஒரே கதவு, அதுவும் மூக்குப் பக்கம். கதவைத் திறந்தால் ஸ்டீயரிங்கும் கூடவே வெளியே வரும். பழைய வண்டிப் பைத்தியங்கள் எங்கெங்கிருந்தோ தேடி வந்து, தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போவார்கள்.

இத்தனை பெருமை உள்ள வண்டிக்கு ரிவர்ஸ் கியர் மட்டும் கிடையாது.

முன்னால் சுவர், கதவு திறக்காது. பின்னால் நகர வழியே இல்லை. ஆப்பசைத்த குரங்கின் கதைதான்.

"இருபது வருஷமா இந்த வண்டியோட குடித்தனம் பண்றா. இதுகூடத் தெரியலையே" என்று பல்லைக் கடித்தார் டாக்டர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சானும் அதையேதான் நினைத்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மாமாவோடு பேசியதாகிவிடுமே!

இருவருக்கும் பேச்சு நின்று மூன்று வருஷம். எல்லாம் இந்த வண்டியின் கூரையால் வந்த வினை. மாமனார் காலத்தில் அது மடக்கித் திறக்கிற கேன்வாஸ் கூரை. மழைக்கு ஒழுகுகிறது என்று டாக்டர் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தகரம் அடித்தார். எங்கப்பா வண்டியில தகரமா என்று குதித்துவிட்டுப் போன மச்சான், இன்றைக்குத்தான் வந்திருக்கிறார். அடுத்த வாரம் வேலை மாறி வெளிநாடு போகிறார். நேற்றே போன் பண்ணிவிட்டு அக்காவிடம் சொல்லிக்கொள்ள வந்தவர் வாசற்படியைத் தாண்டவில்லை. தம்பி இப்படியே போய்விட்டால் உறவு அவ்வளவுதான் என்று அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா வண்டியில் ஒரு சுற்றாவது போய்விட்டு வா என்று கெஞ்சினாள். அவளுக்காக ஏறினார். தெருவைச் சுற்றி வரும்வரை ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"ஐயோ, நான் ஒருத்தியா எப்படித் தள்ளுவேன்? ஆளைக் கூட்டிட்டு வரேன்" என்று அவள் ஓடினாள்.

போனவள் போனவள்தான். வண்டி குலுங்கும், கீழே விழுந்துவிடும் என்று இரண்டு பேர் செல்போனையும் முன்பே அவள் வாங்கி வைத்திருந்தாள்.

மச்சான் கதவை உதைத்துப் பார்த்தார். ஜன்னல் கண்ணாடியை இழுத்துப் பார்த்தார். கை மட்டும்தான் வெளியே போனது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை மீட்பதுதான் மனிதருக்கு உத்தியோகம். டாக்டர் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். வியர்வையில் இருவர் சட்டையும் ஒட்டிக்கொண்டது. மச்சான் தகரத்தைப் பார்த்துச் சொன்னார். "கேன்வாஸ் இருந்திருந்தா, இந்நேரம் மேல ஏறிக் குதிச்சிருக்கலாம்."

டாக்டருக்குச் சுருக்கென்றது.

"தப்புதான் மாப்பிள்ளை. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

மச்சான் கையை நீட்டி ஸ்டீயரிங்கைத் தடவினார். "ஒழுகினதும் நிஜம்தான் மாமா. மழை வந்தா அப்பா குடை பிடிச்சுக்கிட்டேதான் ஓட்டுவாரு."

"வண்டிக்கு உள்ளேயா?"

"உள்ளேதான். கியர் மாத்தணும்னா குடையை அம்மா வாங்கிக்கணும். அம்மா கோபமா இருந்தா வாங்க மாட்டாங்க. அன்னிக்கு ஆபீஸ் வரைக்கும் முதல் கியர்தான்."

வண்டியே ஆடும்படி இருவரும் சிரித்தார்கள். டாக்டருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இதைக் கேட்காமல் மூன்று வருஷத்தை வீணாக்கிவிட்டோமே என்றிருந்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் வண்டி பின்னால் நகர்ந்தது. பக்கத்துத் தெரு ஒர்க்ஷாப்காரர் இரண்டு ஆட்களோடு பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் மச்சான் இறங்கி, நேராக வீட்டுக்குள் போய், பசிக்குதுக்கா என்று உட்கார்ந்துவிட்டார்.

டாக்டருக்கு மனைவி மேல் இருந்த கோபம் மட்டும் தீரவில்லை. ஒர்க்ஷாப்காரரிடம் குறைப்பட்டார். "என் சம்சாரத்துக்கு வண்டியைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாதுய்யா. பக்கத்துத் தெருவுல இருக்கிற உங்களைக் கூட்டிட்டு வர இவ்வளவு நேரமா?"

ஒர்க்ஷாப்காரர் தலையைச் சொறிந்தார்.

"நாங்க அப்பவே வந்துட்டோம் சார். நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி சுவத்துல முட்டி நிக்கும், ஆளோட வந்துடுங்கன்னு அம்மா நேத்தே சொல்லிட்டாங்க. ஆனா உள்ளே ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் வண்டியில கையை வைக்கணும்னு கண்டிஷன்."