பக்கத்து சீட்டு விசில்

பிரேக்கைச் சரிசெய்த மெக்கானிக், "ஒரு ரவுண்டு போய்ப் பாத்துடலாம் சார்" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தான். என் காரில் நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

எண்பதைத் தொட்டதும் காதருகே விசில்.

"என்னப்பா சத்தம்?"

"எனக்குக் கேக்கலையே" என்றவன், வண்டியை நிறுத்தி என் பக்கம் வந்து பார்த்தான். "சைடு மிரர் ரப்பர் கிழிஞ்சு காத்து பூருது சார். ஓட்டறவங்களுக்குத் தெரியாது, பக்கத்துல இருக்கறவங்க காதைத்தான் துளைக்கும். மேடம் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னா."

டேப் ஒட்டினான். மறுபடியும் எண்பது. விசில் இல்லை.

"இனி மேடத்துக்குத் தொந்தரவே இருக்காது சார்."

தலையாட்டினேன். சட்டைப்பையில் என் மனைவிக்கு ஏழாவது மாதமாக மாத்திரை வாங்க வேண்டிய மனநல டாக்டரின் சீட்டு இருந்தது. அதில் எழுதியிருந்தது: 'காரில் போகும்போது இல்லாத சத்தம் கேட்கிறது.'

டாக்டரிடம் அப்படிச் சொன்னவன் நான்தான்.