ஒரே ராத்திரியில் வந்த செடி

பால்கனித் தொட்டியில் நேற்றுவரை வெறும் மண்தான். இன்று காலை வெயிலில் நான்கைந்து இலைகளோடு ஒரு செடி நிமிர்ந்து நிற்கிறது. அம்மா கண்ணை இடுக்கிப் பார்க்கிறாள். ஒரு வாரமாக அவளும் கணவனும் மகளும் மாறி மாறித் தண்ணீர் ஊற்றி இறுகிப்போன செம்மண்ணில், செடியைச் சுற்றி மட்டும் ஒரு கை அகலத்துக்கு மண் கறுப்பாகப் பொலபொலவென்று கிடக்கிறது. கதவில் சாய்ந்து காபி குடிக்கும் கணவன் பக்கம் திரும்புகிறாள். அவன் நகக்கண்ணிலும் அதே கறுப்பு.

“ஏங்க, ஒரே ராத்திரியிலயா?”

“நல்ல மண்ணு,” என்கிறான் திருட்டு முழியோடு. “வந்துச்சா, வந்துச்சான்னு பாப்பா தினமும் உயிர வாங்கினா இல்ல? வந்துடுச்சு!” சொல்லிவிட்டுக் கண்ணாலேயே அவளைக் கெஞ்சுகிறான். அவள் அடுத்த கேள்வியை விழுங்கிக்கொள்கிறாள்.

தொட்டியருகே குத்துக்காலிட்டிருக்கும் நான்கு வயது மகள் கைதட்டவில்லை. இலையைக் கசக்கி முகர்கிறாள். தக்காளி வாசம்.

“நான் போட்டது அவரைக்கொட்டை.”

“அதேதான்டா செல்லம் இது.”

அம்மாவைப் போலவே கண்ணை இடுக்கி, மகள் அப்பாவை ஏற இறங்கப் பார்க்கிறாள். பிறகு தண்டுக்குப் பக்கத்தில் விரலை விட்டு மெல்லக் கிளறுகிறாள். வெளியே வருகிறது, தோல் வெடித்து வெள்ளை முளை எட்டிப் பார்க்கும் ஓர் அவரை விதை. அதை உள்ளங்கையில் ஏந்தி அப்பாவிடம் நீட்டுகிறாள்.

“அப்போ இது யாருப்பா?”