ஜனாதிபதியின் தையல்காரர்

கருத்தரங்க மேடையில் விறுவிறுவென்று ஏறி, பேராசிரியர் அக்பேகோவின் கழுத்தில் துணி அளக்கும் டேப்பை மாலையாகப் போட்டார் பேராசிரியர் டோட்சி.

அரங்கமே விசிலடித்தது.

ஆள்பவரின் உடம்புக்கு அளவெடுத்து அரசியல் சட்டத்தை வெட்டித் தைத்துக் கொடுக்கும் சட்ட மேதைகளுக்கு எங்கள் நாட்டில் தையல்காரர் என்றுதான் பெயர். எங்கள் பல்கலைக்கழகத்தில் அதைவிடக் கேவலமான வசவு கிடையாது.

"ஏன்டா, ரெண்டு தடவைக்கு மேல ஒருத்தர் ஜனாதிபதியா இருக்கக் கூடாதுன்னு நீயும் நானும் சேர்ந்துதானே புத்தகம் எழுதினோம்?"

"ஆமா."

"இப்ப என்ன எழுதியிருக்கே? சட்டம் புதுசாயிடுச்சாம், பழைய ரெண்டு தடவையும் கணக்குல வராதாம், மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணணுமாம்! இதைச் சொல்ல ஒரு கிளிப்பிள்ளை போதுமே, புரொபசர் எதுக்கு?"

"அப்படியும் ஒரு வாதம் இருக்கு, டோட்சி." அக்பேகோவின் குரல் எழும்பவில்லை.

"வாதமா! மூணாம் தடவை நிக்கக் கூடாதுன்னு எதிர்த்ததுக்குத்தான் நான் ஜெயில்ல ரத்தமா இருமிக்கிட்டுக் கிடந்தேன். எங்கேயோ இருக்கிற வெள்ளைக்கார புரொபசருங்க எனக்காகக் கையெழுத்துப் போட்டாங்க. அதுக்குப் பயந்துதான் திடீர்னு என்னை விட்டாங்க. நீ வாயைத் திறந்தியாடா?"

அக்பேகோ டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்ற பைக் டாக்சியில் ஏறிப் போய்விட்டார். அவருடைய மாணவர்கள்கூட எழுந்து நிற்கவில்லை.

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கட்டுரையைக் காட்டித்தானே ஜனாதிபதி மூன்றாம் தடவையும் நிற்கிறார்? இனி யார் இறக்குவது அவரை?

சாயங்காலம் வீட்டில் டோட்சிக்கு ஒரே குஷி. மனைவி செனாம் சோளக்களியும் மீன் குழம்பும் வைத்தாள்.

"டேப்பைப் போட்டதும் அவன் மூஞ்சியை நீ பார்த்திருக்கணுமே!"

அவள் சிரிக்கவில்லை.

"அவன் பேச்சை எடுத்தாலே நீ ஏன் உம்முனு ஆயிடுறே? சரி, நீயே சொல்லு. அப்படி எழுதிக் கொடுக்க எதைக் கேட்டிருப்பான்? மந்திரி பதவியா, பங்களாவா?"

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார்."

களியைப் பிட்ட கை தட்டிலேயே நின்றது.

"உன்கிட்டயா? என்ன கேட்டான்?"

"உங்களை."