பிரேக் பிடிக்காத பஸ்

"சினிமா பார்த்து நடுங்குகிறவன் இருக்கும்வரை இந்தத் தேசத்துக்குச் சுதந்திரம் கிடைக்காது" என்று பூந்தமல்லி டென்ட் கொட்டகையில் வரதன் தீர்ப்புச் சொன்னார்.

திரையில் பிரேக் பிடிக்காத பஸ் ஒன்று மலைச்சாலையில் உருண்டோடியது. பக்கத்தில் துலுக்கானம் கண்களைப் பொத்திக்கொண்டான்.

"இன்னாடா, பொம்மைக்கா பயந்துகினு கீறே?"

"நாளைக்கு நாகம்மாளைப் பிரசவத்துக்குப் பட்டணம் இட்டுகினு போவணும், அண்ணாத்தே. அதுவும் பஸ்ஸுலதான்."

"நான்தான் கூட வர்றேனே! தைரியமா ஏறு."

மறுநாள் பஸ்ஸில் வலியில் துடிக்கும் மனைவியின் கையைப் பிடித்தபடி துலுக்கானம் உட்கார்ந்திருந்தான். குமணன்சாவடி வளைவில் மிலிட்டரி லாரி ஒன்று நேர் எதிரே பாய்ந்து வந்தது. அவனால் செய்ய முடிந்ததெல்லாம் வரதனைப் பார்ப்பதுதான்.

டிரைவர் சீட்டில் வரதன் இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டிருந்தார்.