நாற்பது வேணும்

"சாமி, பேரு கேட்டா என்ன சொல்லோணும்?"

"மாஜ நாவ் ஷ்ரேயஸ்" என்று மராத்தியில் சொன்னான் ஏழு வயது ஷ்ரேயஸ், அம்மாவின் வளையலைத் திருகியபடி.

சுப்ரஜாவுக்கு உயிர் வந்தது. புனேயின் அந்த அரசு மருத்துவமனை வராந்தாவில் காலை ஏழு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

"போதும் விடு. மூணு மாசமா இதே பாடம். அவனும் மனுசன்தானே" என்றான் அவள் கணவன் தினேஷ். ஆகுர்டி தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"எப்படிங்க விடுறது? நாற்பது வேணும்னு நீங்கதானே வந்து சொன்னீங்க."

சொன்னது உண்மைதான். பிள்ளைக்குப் பேச்சு தாமதம். எதையும் பத்துத் தடவை சொன்னால்தான் பிடிபடும். மூன்று பள்ளிகள் பார்த்த மாத்திரத்திலேயே இடமில்லை என்று அனுப்பிவிட்டன. கல்வி அலுவலகத்தில்தான் ஒரு புண்ணியவான் உட்காரச் சொன்னார். இந்த மாதிரிக் குழந்தைகளுக்குச் சட்டம் இருக்கிறது, சீட்டை அரசாங்கமே வாங்கித் தரும், ஆஸ்பத்திரிச் சான்றிதழ் மட்டும் கொண்டு வாருங்கள் என்றார். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒன்றரை வருடமே ஆன தினேஷுக்கு அவருடைய ஹிந்தி அரைகுறையாகத்தான் பிடிபட்டது; சான்றிதழில் எவ்வளவு இருக்கவேண்டும் என்று கடைசியாகச் சொன்னது மட்டும் தெளிவாகப் புரிந்தது. சாலீஸ் பர்சென்ட், நாற்பது சதவீதம்.

"நம்மூருல முப்பத்தஞ்சு பாஸு. இங்க அஞ்சு கூட, அவ்வளவுதானே" என்று அன்றைக்கே மேல்வீட்டு மராத்திக்காரம்மாவிடம் கேள்வி பதில்களை எழுதி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவள்தான் சுப்ரஜா.

உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா பெயர் கேட்டார். சொன்னான். சிவப்பு அட்டையைக் காட்டினார். "லால்" என்றான். விரல்களை எண்ணினான். ஒவ்வொரு பதிலுக்கும் சுப்ரஜா முந்தானைக்குள் கும்பிட்டுக்கொண்டாள். சாப்பாடு யார் ஊட்டுவது என்று கேட்டதற்கு, "அவனேதான் சாப்பிடுவான்னு சொல்லுங்க" என்று கணவனைப் பொய் சொல்ல வைத்தாள்.

டாக்டரம்மா சிரித்த முகத்தோடு பையனின் கன்னத்தைத் தட்டிவிட்டு, தாளில் எழுதி நீட்டினார்.

இருபத்தைந்து.

"ஏனுங்க, எல்லாம் சரியாத்தானே சொன்னான்? இன்னொருக்கா கேக்கச் சொல்லுங்க. இன்னும் நிறையத் தெரியும் அவனுக்கு." சுப்ரஜா பையனை மறுபடியும் டாக்டரம்மா பக்கம் நகர்த்தினாள்.

தினேஷ் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டான். டாக்டரம்மா சொன்ன பதிலை இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். பிறகு தாளை மடித்துக்கொண்டு மனைவியின் பக்கம் திரும்பினான்.

"சுப்பு, அது மார்க் இல்ல, பையனுக்கு எவ்வளவு குறைங்கிற அளவாம். குறை நாற்பது இருந்தாத்தான் சீட்டாம். இவன் எல்லாத்தையும் சரியாச் சொல்லிட்டானாம்."