வேறொருவர் எழுத வேண்டும்

"மறுபடியும் என் கட்டுரையைத் தூக்கிட்டானுங்க!" கியுசிக் மடிக்கணினியை அறைந்து மூடினார். பெயர்களை நொடியில் வரிசைப்படுத்த அவரே கண்டுபிடித்த கணக்குமுறையைப் பற்றிய கட்டுரையை இணையக் கலைக்களஞ்சியம் ஏற்கவே இல்லை.

"ஏனாம்?" கிம்ச்சி ஊறுகாயைக் கத்தரிக்கோலால் வெட்டியபடி கேட்டாள் மனைவி யொன்ஹ்வா.

"என் வலைப்பூவுல நானே எழுதினது ஆதாரம் ஆகாதாம். சம்பந்தமில்லாத வேற ஒருத்தர் அதைப் பத்தி எழுதணுமாம். மண்டையில ஒண்ணுமில்லாத பசங்க!"

சில மாதங்கள் கழித்து யொன்ஹ்வா கத்தினாள். "என்னங்க, கலைக்களஞ்சியத்துல உங்க பேருல கட்டுரை வந்திருக்கு! பூசான் நகரத்துப் பேராசிரியர் ஒருத்தர் ஆய்விதழ்ல எழுதினதை வெச்சு யாரோ போட்டிருக்காங்க!"

"பாத்தியா! சத்தமா படி!"

"கியுசிக் முறை..." அவள் குரல் தேய்ந்தது. "தவறான விடை தரும் என்று நிரூபிக்கப்பட்ட முறை."

"ஐயோ, உடனே தூக்கச் சொல்லு!"

"எப்படிங்க தூக்குவாங்க? அதான் வேற ஒருத்தர் எழுதிட்டாரே!"